சமாதானம் கொடுக்கும் வேளையில் அண்ணனின் கை

கேத்திப் பள்ளத்தாக்குவாசி (கேள்வி):

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் நீலகிரியில், கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி. தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன். எங்கள் ஆலயத்தில் மாதத்தின் முதல் ஞாயிறன்று, இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைவுகூர்ந்து அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து ஆராதனை நடைபெறும். மூன்று ஆண்டுகளாக அந்த ஞாயிறு நெருங்கும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு பாரம் ஏறிவிடுகிறது. அதைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறேன்.

அப்பா இறந்தபின் இரண்டு ஏக்கர் தோட்டம் அண்ணனுக்கும் எனக்கும் பாகமானது. சாலையோரத்து மேல்பாகம் அவருக்கு, ஓடையை ஒட்டிய கீழ்ப்பாகம் எனக்கு என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பரப்பளவில் இரண்டும் சமம்தான். ஆனால் மலையில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு போதாது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் இரவில் சரிவின் வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். ஜனவரியில் உறைபனி விழுந்த காலைகளில் அண்ணனின் செடிகள் பச்சையாக நிற்க, என் செடிகளின் கொழுந்து வெயில் ஏறியதும் தீய்ந்து செம்பழுப்பாகிவிடுகிறது. தொழிற்சாலையின் இலை வண்டி மேலே சாலையில்தான் நிற்கும். ஒவ்வொரு மூட்டையையும் தலைச்சுமையாகவே ஏற்ற வேண்டும். அண்ணனின் தோட்டத்தின் நடுவே ஒரு நடைபாதை விட்டால் பாதி தூரம் குறையும். கேட்டேன், மறுத்துவிட்டார். அதன்பின் நாங்கள் பேசுவதில்லை.

ஆலயத்தில் அவர் எனக்கு முன்வரிசையில் அமர்கிறார். ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சமாதானம் கொடுக்கும் வேளையில் ஆயரிடமிருந்து அது ஒருவர் கைமாறி ஒருவர் கைக்கு வந்து அண்ணனை அடையும். தேயிலைச் செடிகளை வெட்டிச் சீராக்கும் கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிய அந்தக் கைகள், என் பக்கத்தில் இருப்பவருடைய கையைப் பற்றிவிட்டுத் திரும்பிவிடும். அந்த நேரத்தில் நான் பாமாலைப் புத்தகத்தின் அட்டையிலிருந்து பிரிந்து தொங்கும் நூலை விரலில் சுற்றிக்கொண்டு தலைகுனிந்து நிற்பேன். அவரும் என்னைப் பார்ப்பதில்லை. நானும் அவரைப் பார்ப்பதில்லை.

கடந்த இரண்டு மாதங்களாக, பீடத்துக்கு எழுந்து போகும் முன்பே நான் ஆலயத்திலிருந்து வெளியேறிவிடுகிறேன். பகையோடு திருவிருந்தில் பங்குபெறுவது ஆக்கினைத்தீர்ப்பு, கடவுளின் தண்டனையைத் தேடிக்கொள்வது என்று என் மனைவி கருதுகிறாள். அது உனக்கும் கர்த்தருக்கும் உள்ள காரியம், அண்ணனை அதில் ஏன் இழுக்கிறாய் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். நான் போகலாமா, கூடாதா?

குன்னூர் ஓய்வாசிரியை:

தம்பி, நாற்பது ஆண்டுகள் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்தியவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்; இறையியல் பட்டம் எதுவும் என்னிடம் இல்லை.

முதலில் உங்கள் மனைவி சுட்டும் வசனத்தை எடுத்துக்கொள்வோம். 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில் "அபாத்திரமாய்", அதாவது தகாத விதமாய், புசிக்கிறவனைப் பற்றிப் பவுல் எழுதுகிறார். நம்மில் பலர் அதை "அபாத்திரன் புசிக்கக் கூடாது" என்று படித்துவிடுகிறோம். அப்படிப் படித்தால் பீடத்துக்கு ஆயரே போக முடியாது. பவுல் கண்டிப்பது ஆளை அல்ல, புசிக்கிற விதத்தை. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டார்கள்; ஒருவன் பசியாயிருக்க ஒருவன் வெறித்திருந்தான் என்று 21ஆம் வசனம் சொல்கிறது. "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்ற அறிவுரையோடுதான் அந்தப் பகுதி முடிவுக்கு வருகிறது. தன்னைத்தானே சோதித்தறிந்தவன் விலகிப் போக வேண்டும் என்று அவர் எழுதவில்லை. சோதித்தறிந்து, புசிக்கக்கடவன் என்றுதான் எழுதினார்.

ஆனால் உங்கள் நண்பர் சொல்வதையும் என்னால் ஏற்க முடியாது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் நம் திருச்சபை உருவானபோது, அதுவரை தனித்தனியாக இருந்த ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளைச் சேர்ந்த சபைகள் ஒரே பந்தியில் அமர வந்தன. அவர்களுக்காக 1950இல் அமைக்கப்பட்ட திருவிருந்து ஆராதனை முறையில்தான், ஆதித் திருச்சபையில் வழங்கிய சமாதான முத்தம், கைக்குள் கையை வைக்கும் வழக்கமாக மீண்டும் இடம்பெற்றது. அது எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். காணிக்கைக்கு முன்னால் வருகிறது. அதற்குச் சற்று முன் ஆயர் சொல்லும் வசனம் உங்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்: "இதோ, சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மையும் எத்தனை இன்பமுமானது?" தனக்கும் கர்த்தருக்கும் மட்டும் உள்ள காரியமாக இருந்தால் இத்தனை ஏற்பாடு தேவைப்பட்டிராது.

காணிக்கைக்கு முன் என்ற அந்த ஒழுங்கு மத்தேயு 5:23, 24 வசனங்களிலிருந்து வருகிறது. அதைத் தயவுசெய்து இன்று மாலை வேதாகமத்தைத் திறந்து மெதுவாகப் படியுங்கள். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்" என்று இருக்கிறது. சகோதரன்மேல் உனக்குக் குறை இருந்தால் என்று இல்லை. எத்தனையோ பிரசங்கங்களில் இதைத் தலைகீழாகவே கேட்டிருக்கிறேன். இயேசு இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தைக் கால்நடையாகக் கடந்து வந்தவனிடம், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போ என்கிறார். உங்கள் அண்ணன் முன்வரிசையில்தான் இருக்கிறார்.

உறைபனி, பாதை, தலைச்சுமை என்று உங்கள் குறைகளை விவரமாக எழுதியிருக்கிறீர்கள்; அவை நியாயமானவை என்றே எனக்கும் படுகிறது. ஆனால் அண்ணனுக்கு உங்கள்மேல் என்ன குறை என்று ஒரு வரிகூட உங்கள் கடிதத்தில் இல்லையே?

கோத்தகிரி வழிப்போக்கர்:

ஆசிரியை அம்மா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனாலும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. என் சொந்த வாழ்க்கையில், புகுந்த வீட்டில் எனக்கு இழைக்கப்பட்ட ஓர் அநியாயத்தைப் பற்றி நான் வாய்திறந்தபோது, ஒரு ஜெபக்குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து சகோதரனை "ஏழெழுபதுதரம்" மன்னிக்க வேண்டும் என்ற வசனத்தைச் சொல்லி என் வாயை அடைத்தார்கள். அநியாயம் செய்தவரிடம் ஒருவரும் போகவில்லை. எரேமியா தீர்க்கதரிசி இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார். சமாதானமில்லாதிருந்தும் சமாதானம் என்று சொல்லி, ஜனத்தின் காயங்களை "மேற்பூச்சாய்" குணமாக்குகிறார்கள் என்கிறார். ஈரம் காயாத சுவரில் வெள்ளையடிப்பதைப் பார்த்தவர்களுக்கு, அதுவும் நம் மலைவீடுகளில் இருப்பவர்களுக்கு, அந்தச் சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே சகோதரரே, மன்னிப்பது வேறு, பாதை கேட்பதை விட்டுவிடுவது வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆஸ்தியைப் பாகம் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று ஒருவன் கேட்டபோது, உங்களுக்குப் பங்கிடுகிறவனாக என்னை வைத்தது யார் என்று இயேசு திருப்பிக் கேட்டார் (லூக்கா 12). பொருளாசையைக் கண்டிக்கவே அதைச் சொன்னார் என்பது உண்மைதான். ஆனால் பங்கு பிரிக்கும் வேலையை அவர் தம்மேல் எடுத்துக்கொள்ளவும் இல்லை. வழிப்பாதை உரிமையை இரு தரப்பும் ஒப்புக்கொண்டு பத்திரமாக எழுதிப் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. அதை அதற்குரிய இடத்தில், அதற்குரிய பெரியவர்களை வைத்துக் கேளுங்கள். திருவிருந்தையும் நடைபாதையையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

பகைத்துப் பிரிந்த சகோதரர்களான யாக்கோபும் ஏசாவும் மீண்டும் சந்தித்த கதையை எல்லாரும் கட்டித்தழுவி அழுத இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஏசா தன்னோடு வரும்படி அழைக்கிறான். சேயீருக்குப் பின்னால் வருகிறேன் என்று சொல்லிய யாக்கோபு சுக்கோத்துக்குப் போய் அங்கே வீடு கட்டிக்கொள்கிறான். சமாதானமானார்கள், ஆனால் தனித்தனியாகவே வாழ்ந்தார்கள். அப்பா ஈசாக்கு இறந்தபோது இருவரும் சேர்ந்து அடக்கம் செய்தார்கள் என்று ஆதியாகமம் 35ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் சொல்கிறது. பவுலும் "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று இரண்டு நிபந்தனைகள் போட்டுத்தான் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள் என்று எழுதினார். உங்களாலானதைச் செய்தபின் அண்ணன் திரும்பாவிட்டால் அந்தப் பழி உங்களுடையதல்ல. நீங்கள் பீடத்துக்குப் போகலாம்.

பண்ணைக்காடு காப்பித் தோட்டக்காரர்:

நான் பழனி மலையில் இருக்கும் கத்தோலிக்கன். அழையாமல் நுழைந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் திருப்பலியில் சமாதானம் பகிர்வது கர்த்தர் கற்பித்த ஜெபத்துக்குப் பின், நற்கருணை வாங்கும் முன் வருகிறது. பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்பி வணங்குவதோடு முடித்துக்கொள்வோம். கையைப் பற்றியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி எங்களுக்கு இல்லாததால், பத்து ஆண்டுப் பகையைக்கூடக் கைகூப்பியபடியே தாண்டிவிட முடிகிறது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். "எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல" என்று நாங்கள் ஜெபிக்கிறோம். உங்கள் வேதாகமத்தின் மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் அதே இடத்தில் "கடனாளிகளுக்கு மன்னிக்கிறதுபோல" என்று இருக்கிறது. கடன் என்றால் கணக்கு உண்டு, தீர்த்துவிட்டால் முடிந்தது. பொறுத்தல் என்ற சொல்லோ சுமப்பதையும் குறிக்கும், காத்திருப்பதையும் குறிக்கும். மூட்டையைத் தலையில் ஏற்றி மேடேறுகிற உங்களுக்கு அது புதிதாக இருக்காது. கனம் குறைவதில்லை, கழுத்துதான் பழகுகிறது. என் தங்கையோடு எனக்கிருந்த மனத்தாங்கல் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. தீர்ந்ததா என்று இன்று கேட்டாலும் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

கேத்திப் பள்ளத்தாக்குவாசி:

மூவருக்கும் நன்றி. உடனே பதில் எழுத முடியவில்லை. ஆசிரியை அம்மாவின் கடைசிக் கேள்வி என்னை மூன்று வாரங்கள் எழுத விடவில்லை.

அண்ணனுக்கு என்மேல் என்ன குறை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பா படுக்கையில் கிடந்த பதினான்கு மாதங்களும் நான் திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் வேலையில் இருந்தேன். அந்தக் காலத்தில் ஊருக்கு வந்தது மூன்று முறை. அப்பாவைக் குளிப்பாட்டியதும், மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை மருத்துவமனைக்கு அழைத்துப்போனதும், இரவில் எழுந்து படுக்கையை மாற்றியதும் அண்ணனும் அண்ணியும்தான். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், உறவினர் அனைவரும் அமர்ந்திருந்த கூடத்தில், அப்பாவின் பெயரில் வந்த இலைப் பணத்துக்குக் கணக்கு எங்கே என்று நான் கேட்டேன். அண்ணன் பதில் சொல்லவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார். பாதையை அவர் மறுத்தது அதற்கு எட்டு மாதங்களுக்குப் பிறகு. என் கதையை யாரிடம் சொன்னாலும் நான் பாதையிலிருந்தே தொடங்கியிருக்கிறேன் என்பது, இங்கே எழுதியதைத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது.

சென்ற சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் அமர்ந்து கவ்வாத்துக் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே, அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் இலைப் பணத்துக்குக் கணக்குக் கேட்டது தவறு, அப்பாவுக்கு நீங்கள் செய்ததை நான் பார்க்கவும் இல்லை, செய்யவும் இல்லை என்று சொன்னேன். சொல்லிக்கொண்டு போயிருந்த வசனங்கள் எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை. அவர் தலை நிமிரவில்லை. கல்லில் தண்ணீர் தெளித்து மறுபடியும் தீட்டினார். அண்ணி தேநீர் கொண்டுவந்து வைத்தார், குடித்தேன்.

வெகுநேரம் கழித்து, கீழ்த்தோட்டத்தில் கவ்வாத்து எப்போது என்று அண்ணன் கேட்டார். சித்திரையில் என்றேன். உன் கத்தி மழுங்கியிருந்தால் கொண்டுவா என்றார். வேறொன்றும் பேசவில்லை. அதை எந்த மனநிலையில் சொன்னார் என்று யோசித்தபடியே இருட்டில் இறங்கி வந்தேன். சுற்றுவழியாகத்தான் வந்தேன்; பாதையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கோத்தகிரிச் சகோதரி சொன்னதுபோல அதைத் தனியாக, பெரியப்பாவை வைத்துக்கொண்டு, கவ்வாத்து முடிந்தபின் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

வருகிற ஞாயிறு முதல் ஞாயிறு. இந்த முறை பாதியில் எழுந்து போவதில்லை.