நடன வரலாறு படிப்பித்த ரீச்சர்: உங்கட அனுபவங்களை எழுதுங்கோ

களுவாஞ்சிகுடியிலிருந்து:
முதல் வகுப்பில் ரீச்சர் தரும் தாள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். "நீ முதன்முதல் தாளக்கட்டுக் கேட்டது யாருடைய வாயில்?" ஆட்டத்துக்கு வாயால் சொல்லும் தாளச் சொற்களைப் பற்றிய இந்த ஒரே கேள்விதான். நான் என் பரத ஆசிரியையின் பெயரை எழுதினேன். பொய். அப்பா எங்கட பக்கத்து வடமோடிக் கூத்தில் அர்ச்சுனனுக்கு ஆடியவர், அவர் வாயில்தான் கேட்டேன். பரதம் படிக்க வந்த பிள்ளைகளுக்கு நடுவில் அதைச் சொல்ல வெட்கம்.

கடைசி வருடம், மழை நாள் ஒன்றில் அப்பா எனக்குக் குடை கொண்டுவந்தார். ரீச்சர் அவர் கால்களைப் பார்த்துவிட்டு எழும்பினார். "ஐயா கூத்தாடினவரோ? இருங்கோ" என்று தன் கதிரையைக் கொடுத்தார். அப்பா இருக்கவில்லை. நின்றபடியே குடைப்பிடியில் விரலால் தட்டி, கூத்தர் களரிக்குள் வரும்போது ஆடும் வரவுத்தாளம் சொன்னார். ரீச்சர் கேட்டுக் கேட்டு எழுதினார். முதல் வகுப்பில் நான் எழுதிக் கொடுத்த தாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆரையம்பதியிலிருந்து:
தங்கச்சி, அந்த வெட்கம் உங்களோடு பிறந்ததல்ல. 'பரதநாட்டியம்' என்ற பெயர் பரவலானதே 1930களில்தான், அதற்கு முன் தேவதாசிகள் ஆடின அந்த ஆட்டத்துக்குச் சதிர் என்றுதான் பெயர் என்று ரீச்சர் சொன்ன நாள் நானும் வகுப்பில் இருந்தேன். "ஆட்டத்தை உள்ளே எடுத்தார்கள், ஆடின பெண்களை வெளியே விட்டார்கள்" என்றவர், சோக்குக்கட்டியைப் பிடித்தபடி கொஞ்சநேரம் பேசாமல் நின்றார்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து:
சதிர்க் கதை வேறு, கூத்துக் கதை வேறு, இரண்டையும் கலக்காதீர்கள். கூத்தை யாரும் அது ஆடும் களரியை விட்டுத் துரத்தவில்லை. பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1960களில் 'இராவணேசன்' கூத்தை மேடையேற்றியபோது விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கினார், உண்மை. ஆனால் அதைப் பார்த்துத்தான் படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கினார்கள். ரீச்சரிடம் இதற்காகவே வாதாடியிருக்கிறேன். "விடியும்வரை இருந்து பார்த்துவிட்டு வா, பிறகு கதைப்போம்" என்றார். இருந்து பார்த்தேன்.

சரி, களுவாஞ்சிகுடித் தங்கச்சி, அப்பா இருக்கிறார்தானே? இந்தக் கிழமையே பதிவு செய்யுங்கள். தாளக்கட்டை மட்டும் தனியாகச் சொல்லவிடுங்கள், பிறகு மத்தளத்தோடு. எட்டு, வீசாணம், பொடியடி என்ற ஆட்ட வகை ஒவ்வொன்றுக்கும் காலை மட்டும் கிட்டவாக எடுங்கள். முகத்தை எடுத்துக்கொண்டிருந்தால் அடி தெரியாது. கூத்துப் பாட்டு எழுதின கொப்பி இருந்தால் பக்கம் விடாமல் படம் எடுங்கள், ஓரத்தில் கிறுக்கியிருப்பதையும். எந்த ஊர்க் களரி, கூத்துப் பழக்கின அண்ணாவியார் யார், அவருக்குப் பழக்கியவர் யார் என்று அப்பாவின் குரலிலேயே கேட்டு வையுங்கள். உடுப்பின் பாரத்தையும் கேளுங்கள், வடமோடிக்காரர் அதை மறக்கமாட்டார்கள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து:
இருக்கிறார் அண்ணன். இப்ப முழங்கால் மடங்காது. கதிரையில் இருந்தே சொல்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.