கம்போ அடுப்பில் காத்திருக்கும் நேரம்: உங்கள் அனுபவம் என்ன?

லஃபயெட், லூசியானாவிலிருந்து:

தவக்காலத்துக்கு முந்தின கொண்டாட்டமான மார்டி கிரா வந்தால் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரே பெரிய பானையில் கம்போ என்னும் லூசியானாக் குழம்பு வைப்பார்கள். காலையில் அடுப்பேற்றுவார்கள், ஆட்கள் மாலை வரை வந்து சாப்பிட்டபடி இருப்பார்கள். கம்போ வைக்கக் கற்றுத்தர இங்கே எல்லோரும் தயார். வைத்த பிறகு அதை எப்படிக் காப்பாற்றுவது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பெரிய வேலையாகத் தெரிகிறது.

சமையலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணெயும் மைதாவும் சம அளவு, கனமான இரும்புப் பானை, விடாமல் கிளறும் கை. கோழியும் ஆன்டூயி என்னும் புகையூட்டிய பன்றி சாசேஜும் சேரும் கம்போ என்றால், எண்ணெயில் வறுபடும் அந்த மாவு, அதாவது ‘ரூ’, கறுத்த சாக்லேட் நிறத்துக்கு வர வேண்டும். முக்கால் மணி நேரம்கூட ஆகும். கரும்புள்ளிகள் தெரிந்தால் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். நிறம் வந்ததும் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றும் உள்ளே போகும். காய்களின் ஈரம் ரூவின் சூட்டைத் தணித்து, மேலும் கருகாமல் தடுக்கும். பிறகு சூடான கோழிச்சாறு, கறி, பொறுமை.

தளதளவென்று கொதிக்க விடக் கூடாது. பானையின் ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழிகள் எழுந்து உடைந்தால் போதும். மேலே மிதக்கும் எண்ணெயை அவ்வப்போது கரண்டியால் எடுத்துவிடுவோம்.

பக்கத்து வீட்டுப் பாட்டி தட்டையான மரத்துடுப்பு ஒன்று வைத்திருக்கிறார். பானையின் அடியில் அதை மெல்ல நகர்த்திக்கொண்டே இருப்பார். துடுப்பு எங்காவது லேசாகப் பிடித்தால் உடனே அடுப்பை அணைப்பார். அடியைச் சுரண்டாமல் மேலே இருப்பதை வேறு பானைக்கு மாற்றச் சொல்வார். மாவு அடியில் படிவதால்தான் இந்தக் கவனம். அந்தக் கருகல் வாசனை ஒருமுறை கலந்துவிட்டால் எந்த மசாலாவாலும் அதை மறைக்க முடியாது.

பரிமாறும் வரை சூடு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, வெப்பமானி வேண்டும். ஸ்லோ குக்கரின் ‘வார்ம்’ நிலை, ஏற்கெனவே கொதித்ததைச் சூடாக வைத்திருக்க மட்டுமே உதவும். ஆறியதை அதில் சூடேற்றக் கூடாது. நேரம் ஆக ஆக கம்போ சுண்டும், உப்பு ஏறும். சாசேஜிலேயே உப்பு இருப்பதால் கடைசி வரை நான் உப்பில் கை வைப்பதில்லை. கெட்டியானால் சூடான சாறு சேர்ப்பேன்.

காத்திருக்கத் தெரியாத பொருள்களைப் பானையில் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சோறு தனிப் பாத்திரத்தில் இருக்கட்டும். குழம்பில் ஊறினால் குழைந்துவிடும். சஸாஃப்ராஸ் இலைப்பொடியான ஃபீலேயை அவரவர் கிண்ணத்தில் தூவிக்கொள்ளலாம். கொதிக்கும் பானையில் போட்டால் நூல் நூலாக இழுக்கும்.

நியூ ஆர்லியன்ஸிலிருந்து:

வெண்டைக்காய் கம்போவைப் பற்றி நானும் சொல்கிறேன். நம் வீடுகளில் செய்வதுபோல் முதலில் தனியாக எண்ணெயில் வதக்கி வழவழப்பைப் போக்கிவிட்டுச் சேர்த்தால், நெடுநேரம் அடுப்பில் இருந்தாலும் பதம் கெடுவதில்லை. இங்கே பெரிய வியாழனன்று கீரைகள் நிறையச் சேர்த்த கம்போ ஸெர்ப் உண்டு. டூக்கி சேஸ் உணவகத்தில் லியா சேஸ் அம்மையார் செய்து புகழ்பெற்றது அது. அவர் 2019இல் காலமானார். அதிலும் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். ஊரிலிருந்து சைவம் சாப்பிடும் உறவினர் வந்தால், கீரையை மட்டும் தனிச் சட்டியில் காய்கறிச் சாறோடு வைத்து, அதற்கென்று தனிக் கரண்டியும் போட்டுவிடுவேன்.

ஹூஸ்டனிலிருந்து:

நாங்கள் முந்தின நாளே சமைத்துவிடுவோம். மறுநாள் ருசி கூடும். ஆனால் பெரிய பானையை அப்படியே குளிர்பெட்டியில் வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும், அதற்குள் கெட்டுவிடலாம். ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுவோம். மறுநாள் அடுப்பில் 74 டிகிரி வரை சூடேற்றுவோம். கம்போவில் கடைசியாகச் சேர்க்கும் இறால் அப்போதும் பனிக்கட்டி மேல்தான் இருக்கும். விருந்தினர் கை கழுவ எழும்போது முதல் தவணையைப் போடுவேன். சுருண்டு சிவந்ததும் கிண்ணங்களில் எடுத்துவிடுவேன். அடுத்த பந்திக்கு அடுத்த தவணை.