பில்லி ஹியூஸைத் தொழிலாளர் தலைவர் என்று சொல்லலாமா?

துறைமுகத்தான்:
ஆஸ்திரேலியப் பிரதமராக (1915–1923) இருந்த பில்லி ஹியூஸை "மாபெரும் தொழிலாளர் தலைவர்" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தொழிற்கட்சி தயவில் பிரதமரானவர், முதல் உலகப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு வேண்டும் என்று சொந்தக் கட்சியையே எதிர்த்து நின்றார். 1916 அக்டோபர் வாக்கெடுப்பில் மக்களும் வேண்டாம் என்றார்கள். அடுத்த மாதமே ஆதரவாளர்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறி, நேற்றுவரை திட்டித் தீர்த்த லிபரல்களோடு சேர்ந்துகொண்டார்.

சிட்னிவாசி:
முன்கதையை விட்டுவிட்டீர்களே. சிட்னியின் பால்மெயினில் சின்னக் கடை வைத்துக் குடை பழுதுபார்த்த மனிதர். சிட்னி துறைமுகக் கூலிகளைச் சங்கமாகத் திரட்டியவரும் இவர்தான். வாக்கெடுப்புக்கு முன்பே, செப்டம்பரில், தொழிற்கட்சியின் மாநிலக் கிளை இவரை நீக்கிவிட்டது. அப்புறம் வெளியேறாமல் என்ன செய்வார்?

துறைமுகத்தான்:
குடைக் கதை சரி. 1917இல் இரண்டாம் முறையும் கேட்டு, இன்னும் மோசமாகத் தோற்றாரே? தோற்றால் விலகுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். விலகினார், மறுபடி உடனே அதே நாற்காலி! அந்தப் பிரசாரத்தில்தான் வார்விக் ரயில் நிலையத்தில் ஒருவர் எறிந்த முட்டை அவர் தொப்பியில் பட்டது. கைது செய் என்று கத்தினார். குவீன்ஸ்லாந்து போலீஸ் சார்ஜென்ட் மறுத்துவிட்டார். கொஞ்ச நாளில் மத்திய அரசுக்கென்று தனிப் போலீஸ் படையே வந்துவிட்டது. தொழிலாளியின் தோழர் செய்கிற வேலையா இது?

மலைநாட்டான்:
1919 பாரிஸ் சமாதான மாநாட்டில் ஜப்பான் கேட்ட இனச் சமத்துவ வாசகத்தை விடாப்பிடியாக எதிர்த்தாரே, எனக்கு அதுதான் பெரிய குற்றம். ஆனால் அதில் தொழிற்கட்சியும் யோக்கியமில்லை. வெள்ளையரல்லாதவர் குடியேறக் கூடாது என்ற 'வெள்ளை ஆஸ்திரேலியா' அவர்களுடைய கொள்கையும்தான்.

சிட்னிவாசி:
அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 1929ஐப் பாருங்கள். தொழில் தகராறுகளைத் தீர்க்கும் மத்திய நடுவர் முறையைக் கைகழுவப் பிரதமர் புரூஸ் மசோதா கொண்டுவந்தார். ஆளும் தரப்பிலேயே இருந்த ஹியூஸ் திருத்தம் கொண்டுவந்து, ஒரே வாக்கில் அரசைக் கவிழ்த்தார். தேர்தலில் புரூஸ் சொந்தத் தொகுதியையே இழந்தார்.

துறைமுகத்தான்:
1923இல் தன் நாற்காலியில் உட்கார்ந்தவர் மேல் இருந்த ஆத்திரம் அது.

சிட்னிவாசி:
ஆத்திரமாகவே இருக்கட்டும். நடுவர் முறை பிழைத்ததா இல்லையா?

துறைமுகத்தான்:
பிழைத்தது. அதனால் ஆட்சிக்கு வந்ததே தொழிற்கட்சிதான். அவர்களே ஹியூஸைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. நம்மைவிட அவரை அறிந்தவர்கள் அவர்கள்.