ரத்தம் ஏத்தி 13வது நாள் மலேரியா: கொசுவா, ரத்தப் பையா?

கெடிலக்கரை:
மாமியாருக்கு போன மாசம் கர்ப்பப்பை எடுத்தாங்க, ரத்தம் கம்மின்னு ரெண்டு பாட்டில் ஏத்துனாங்க. வீட்டுக்கு வந்து நல்லாத்தான் இருந்தாங்க, 13வது நாள் சாயங்காலம் பாத்தா ரெண்டு கம்பளி போத்தியும் கட்டிலே ஆடுற மாதிரி குளிர் நடுக்கம், அப்புறம் வேர்த்து ஊத்தி ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்து காபி கேட்டாங்க, ஒருநாள் விட்டு மறுபடியும் அதே நேரத்துக்கு அதே கூத்து. டெங்கு பாத்தாங்க இல்ல, டைபாய்டு இல்ல, தையல்ல சீழ் கட்டியிருக்கான்னு ஸ்கேன் வரைக்கும் போயாச்சு. கடைசில ஒரு வயசான டாக்டர்தான் ஸ்லைடு போட்டுப் பாருன்னாரு, வைவாக்ஸ்னு ஒரு வகை மலேரியா. அவங்க திருப்பாப்புலியூர விட்டு வெளிய போயி வருஷக்கணக்காவுது, தெருவுல வேற யாருக்கும் காய்ச்சல் இல்ல. ரத்தத்துல வந்திருக்குமா? ரத்த வங்கில கேட்டா "டெஸ்ட் நெகட்டிவ்ங்க"ன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க.

முகாம்_மணி:
ஆரம்பிச்சிட்டீங்களா. 15 வருஷமா கடலூர்ல ரத்ததான முகாம் நடத்துறேன், இந்த மாதிரி ஒரு பதிவு சுத்துனா அடுத்த முகாம்ல பாதி பேர் வர மாட்டான். ஒவ்வொரு பைக்கும் எச்ஐவி, மஞ்சக்காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா அஞ்சும் பாத்துதான் வெளிய விடுறாங்க, சட்டமே அதான். கொசு கடிச்சாலும் ரெண்டு வாரத்துலதான் காய்ச்சல் வரும், உங்க 13 நாள் அதுக்கும் கரெக்டா பொருந்துதே? மொட்டமாடி டேங்க்ல மூடி இருக்கா, போய் பாருங்க மொதல்ல.

கோரிமேடு_லேப்:
மணிண்ணே 13 நாள வச்சு ரெண்டு பக்கமும் சொல்ல முடியாதுங்கறது சரி. ஆனா நெகட்டிவ்னா இல்லவே இல்லன்னு அர்த்தம் கிடையாது, நான் அந்த டெஸ்ட தினம் போடுறவன். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல, ஊசி முனை அளவுதான், ஒரு நூறு கிருமி இருந்தாத்தான் ரேபிட் கார்டுல கோடு தெளிவா தெரியும். அதுக்குக் கீழ இருந்தா கோடு விழாம போக நல்லா வாய்ப்பிருக்கு. இப்ப கணக்கு போடுங்க, ஒரு பை 350 மில்லி, அதாவது 3.5 லட்சம் மைக்ரோலிட்டர். மைக்ரோலிட்டருக்கு ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் பைக்குள்ள 3.5 லட்சம் கிருமி, கார்டு பளிச்சுனு நெகட்டிவ். ஒருத்தருக்கு ஒட்டிக்க பத்து போதும். குடுத்தவருக்கு காய்ச்சலே இருக்காது, பழகின உடம்பு, தெம்பா வந்து குடுத்துட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிடுவாரு.

சில்வர்பீச்_47:
பிரிட்ஜ்ல வச்சா செத்துடாதா? அப்புறம் உண்மைய யாருமே பேச மாட்றீங்க, இது எல்லாம் வடக்க இருந்து வந்தவன் குடுக்கற ரத்தம்தான். சிப்காட் பக்கம் போய் பாருங்க எவ்ளோ பேருன்னு. ஒடிசா, ஜார்க்கண்ட் ஆளுங்கட்ட ரத்தமே எடுக்கக்கூடாதுன்னு போர்டு வச்சா மேட்டர் முடிஞ்சுது.

கோரிமேடு_லேப்:
4 டிகிரில ஒரு வாரத்துக்கு மேலயே உயிரோட கெடக்கும். ரத்தம் ஏத்தி மலேரியா வந்தத 1911லயே எழுதி வச்சிருக்காங்க. இன்னொண்ணு கேளுங்க, 1917ல வியன்னாவுல வாக்னர் யாரெக்னு ஒரு டாக்டர், சிபிலிஸ் முத்தி மூளைக்கு ஏறினவங்களுக்கு மலேரியாக்காரன் ரத்தத்த வேணும்னே ஊசில ஏத்துனாரு, காய்ச்சல்ல அது அடங்கும்னு. 1927ல நோபல் பரிசும் குடுத்தாங்க. ரத்தத்துல தொத்துமாங்கறது எப்பவோ முடிஞ்ச கேள்வி.

ரிக்கு_தம்பி:
47 அண்ணே நான் பண்ருட்டிக்காரன், பச்சத்தமிழன், நாலு வருஷம் சத்தீஸ்கர்ல போர்வெல் வண்டில வேல பாத்தேன். காட்டுக்குள்ள வண்டிக்கு அடியிலதான் படுக்கை, மூணு தடவ மலேரியா வந்துச்சு, கடைசி தடவ வந்தப்ப மாத்திரை முழுசா கூட போடல, நாலாவது மாத்திரையிலயே காய்ச்சல் விட்ருச்சேன்னு பாக்கெட்டோட தூக்கிப் போட்டுட்டேன். ஊருக்கு வந்து பொங்கலுக்கு நடந்த முகாம்ல ரத்தம் குடுத்தேன். என் ஆதார்ல பண்ருட்டின்னுதான் இருக்கு, உங்க போர்டு என்ன எப்படி நிறுத்தும்? இந்தப் பக்கத்து ஆளுங்க லாரில, ரிக்குல எத்தன பேர் அந்தக் காட்டுக்குள்ள கெடக்குறான் தெரியுமா. நிறுத்தியிருக்க வேண்டியது ஒரு கேள்வி. யாருமே கேக்கல.

முகாம்_மணி:
பாரத்துல அந்தக் கேள்வி இருக்கு தம்பி. மலேரியா வந்து முழுசா குணமாயி 3 மாசம் ஆகலன்னா எடுக்க மாட்டாங்க. நீ மறைச்சிட்டு இங்க வந்து எங்கள சொல்ற.

ரிக்கு_தம்பி:
மறைக்கலண்ணே. கல்யாண மண்டபம், வெளிய ஏதோ தலைவர் பேனர், பத்து பேருக்கு ஒரு பேனா. ஒரு பையன் எல்லா பாரத்துலயும் ‘இல்லை’ மேல முன்னாடியே டிக் அடிச்சு அடுக்கி வச்சிருந்தான், "ண்ணா கையெழுத்து மட்டும் போடுங்க, ஜூஸ் அந்தப் பக்கம்"னான். என்ன கேள்வின்னே நான் படிக்கல. தப்புதான், ஒத்துக்கறேன்.

முகாம்_மணி:
எல்லா முகாமும் அப்படி இல்ல. நூறு பை எடுக்கணும், மதியத்துக்குள்ள மண்டபத்த காலி பண்ணணும், ஒவ்வொருத்தனையும் உக்கார வச்சு காட்டுக்குப் போனியா மேட்டுக்குப் போனியான்னு கேட்டா வரிசைல நிக்கறவன் கெளம்பிடுவான். ராத்திரி 2 மணிக்கு பிரசவ கேஸுக்கு ரத்தம் இல்லன்னு போன் வர்றது உங்களுக்கு இல்ல, எனக்கு.

லாஸ்பேட்டை_அக்கா:
என் பையனுக்கு தலசீமியா, மூணு வாரத்துக்கு ஒரு தடவ ரத்தம் ஏத்தியாகணும், ஏழு வருஷமா ஏத்துறோம். மணி சார் மாதிரி ஆளுங்க இல்லன்னா என் புள்ள இல்ல, அத யாரும் லேசா பேசாதீங்க. ஆனா சார், நூறு பைங்கறது உங்க கணக்கு. எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பைதான், அது சொட்டு சொட்டா எறங்கறத மூணு மணி நேரம் பக்கத்துல உக்காந்து பாக்குறவ நான். வரிசைல இருந்து பத்து பேர் கெளம்பிப் போகட்டும் சார், பரவால்ல.

கெடிலக்கரை:
ஒரு சந்தேகம். மாமியாருக்கு குளோரோகுயின் 3 நாள், அப்புறம் பிரைமாகுயின் 14 நாள் எழுதியிருக்காங்க. ரத்தத்துல வந்திருந்தா அந்த 14 நாள் மாத்திரை வேணாம்னு ஒருத்தர் சொல்றாரு?

கோரிமேடு_லேப்:
அவர் சொல்றதுல விஷயம் இருக்கு. கொசு கடிச்சா கிருமி மொதல்ல ஈரலுக்குப் போகும், வைவாக்ஸ் அங்க மாசக்கணக்கா தூங்கிட்டு திரும்ப எழுந்து வரும், அதக் கொல்லத்தான் பிரைமாகுயின். ரத்தத்துல வந்தா நேரா சிவப்பணுவுக்குள்ளதான், ஈரல் பக்கமே போறதில்ல. ஆனா எதுல வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியாதப்ப இங்க படிச்சிட்டு நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட ரத்தம் ஏத்துன தேதிய சொல்லி கேளுங்க, ஜி6பிடி பாத்தாச்சான்னும் கேளுங்க, சிவப்பணுவுல இருக்கற ஒரு என்சைம் அது, கம்மியா இருந்தா பிரைமாகுயின் ஒத்துக்காது. கொசுவா பையாங்கறது வெறும் சண்டை இல்ல, மாத்திரை வரைக்கும் போவுது. டிஸ்சார்ஜ் பேப்பர்ல ரெண்டு பை நம்பரும் இருக்கும், அத எழுதி ரத்த வங்கில லெட்டரா குடுங்க, வாயால கேக்காதீங்க. ரத்தம் ஏத்தி வர்ற கோளாறையெல்லாம் பதிவு பண்ணன்னே 2012ல இருந்து ஹீமோவிஜிலன்ஸ்னு ஒரு திட்டம் இருக்கு, அதுக்கு தனி பாரம் உண்டு. குடுத்தவங்கள திரும்பக் கூப்பிட்டு டெஸ்ட் பண்ணணும்.

சில்வர்பீச்_47:
நான் போர்டு மேட்டர வாபஸ் வாங்கிக்கறேன், ரிக்கு தம்பி தப்பா நெனைக்காத. ஆனா கேள்வி கேக்கறதுன்னா இந்தில கேக்க அங்க ஆள் இருக்கா? தமிழ்ல பாரத்த நீட்டுனா அவன் எங்க கையெழுத்து போடுவான்னு எல்லாருக்கும் தெரியும்.

முகாம்_மணி:
இது நியாயமான கேள்வி. இந்தி பாரம் கேட்டு வாங்கணும்.

கெடிலக்கரை (ஒன்பது நாள் கழிச்சு):
லெட்டர் குடுத்தேன். மாமியாருக்கு காய்ச்சல் நின்னுடுச்சு, 14 நாள் மாத்திரையையும் டாக்டர் போட்டு முடிக்கத்தான் சொல்லியிருக்காரு. ரெண்டு பைல ஒண்ணு நெய்வேலி ஆளு, அவரே வந்து டெஸ்ட் குடுத்துட்டுப் போனாரு, சுத்தமா இருக்கு. இன்னொண்ணு ஏதோ முகாம்ல எடுத்தது. பாரத்துல எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக், ஒரே பேனா ஒரே கை. போன் நம்பர்ல ஒன்பது எண்தான் இருக்கு.

முகாம்_மணி:
எந்த தேதி, எந்த மண்டபம்னு அனுப்புங்க. பத்தாவது எண் பத்து விதமாத்தான இருக்க முடியும், பத்துக்கும் நானே போட்டுப் பாக்குறேன்.