தொண்டைமானாற்றின் பழைய படங்கள், கதைகள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் உறவுகளே, யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றங்கரை வாழ்க்கையை எழுதிச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன், உங்கள் உதவி வேண்டும். சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்ற வெட்டுவித்த ஆறு என்ற கதை எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வல்வெட்டித்துறையில் கட்டி, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் வரை போன அன்னபூரணி கப்பலைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். நான் தேடுவது சின்னச் சின்ன விஷயங்கள்.

இங்குள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயில் திருவிழாக் காலத்தில் அன்னதான மடங்களில் யார் யார் சமைத்தார்கள், அரிசியும் மரக்கறியும் எந்த ஊர்களில் இருந்து வண்டிலில் வந்தன, மாரியில் ஆற்றில் இறால் பிடித்தவர்கள் எங்கே விற்றார்கள், இதெல்லாம் வேண்டும். என் அம்மம்மா மடத்தில் கத்தரிக்காய் வெட்டப் போய், விரல் நுனியெல்லாம் கறுத்துத்தான் வீட்டுக்கு வருவா. போன வருஷம் காலமாகிவிட்டா. அவ சொன்ன ஒன்றையும் நான் பதிந்து வைக்கவில்லை, அந்தக் கவலை இன்னும் போகவில்லை.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே கேட்டு, போனில் குரலைப் பதிந்து அனுப்புங்கள். பழைய படங்களைக் கையால் தர வேண்டாம், வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, பின்பக்கத்தில் ஏதும் எழுதியிருந்தால் அதையும் சேர்த்து அனுப்பினால் போதும்.