பாஸ்வேர்ட் மாற்றிய பிறகும் துறைத்தலைவர் கணக்கிலிருந்து மெயில் போகிறது, என்ன செய்வது?

லேப்வாசி:

வணக்கம். எங்கள் கல்லூரியில் கணினிப் பிரிவு என்றால் நானும் இன்னொரு தம்பியும்தான், புரொஜெக்டர் எரியவில்லை என்பதிலிருந்து சர்வர் வரைக்கும் எங்கள் தலையில்தான் விழும். மெயில் மைக்ரோசாஃப்ட் 365. திங்கட்கிழமை காலை ஒரு துறைத்தலைவரின் கணக்கிலிருந்து முந்நூறு மாணவர்களுக்கு மேல் 'திருத்தப்பட்ட உள்மதிப்பீட்டு மதிப்பெண்' என்று ஒரு லிங்க்குடன் மெயில் போயிருக்கிறது. திறந்தால் அச்சு அசல் எங்கள் லாகின் பக்கம், கல்லூரிச் சின்னம் உட்பட. அவரைக் கேட்டால் நான் அனுப்பவே இல்லை என்கிறார். உடனே பாஸ்வேர்டை மாற்றினோம், அவர் லேப்டாப்பை முழுசாக ஸ்கேன் செய்தோம், ஒன்றும் சிக்கவில்லை. சரி, முடிந்தது என்று நினைத்தால் புதன்கிழமை மறுபடியும் ஒரு சுற்று, இந்த முறை வேறு கல்லூரிகளில் இருக்கிறவர்களுக்கு.

எனக்குப் புரியாதது இரண்டு. அவருக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு ஏற்கெனவே போட்டிருக்கிறது, போனில் வரும் எண்ணை அடித்தால்தான் உள்ளே போகலாம், அப்புறம் எப்படி நுழைந்தார்கள்? இன்னொன்று, சில மாணவர்கள் அந்த மெயிலுக்கே 'சார், இது நீங்கள் அனுப்பியதா' என்று பதில் போட்டுக் கேட்டிருக்கிறார்கள், ஆனால் அவர் இன்பாக்ஸில் அப்படி ஒன்றுமே இல்லை. பேசாமல் கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாமா? பத்து வருட மெயில் இருக்கிறது என்று அவர் புலம்புகிறார். முதல்வர் வேறு, எல்லாரும் மாதாமாதம் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை தயார் செய்யச் சொல்லிவிட்டார்.

நள்ளிரவு_பேட்ச்:

கணக்கை அழிக்காதீர்கள், தடயமும் அதோடு போய்விடும்.

முதல் கேள்விக்கு: இதே மாதிரி ஒரு போலிப் பக்கத்தில் அவரும் முன்பே மாட்டியிருப்பார், அது வெறும் படம் கிடையாது. அவர் அதில் அடித்ததை அது அந்த நொடியே உண்மையான மைக்ரோசாஃப்ட் பக்கத்துக்குக் கடத்தியிருக்கும். போனுக்கு எண் வந்தது, அவர் அதையும் அதிலேயே அடித்தார், லாகின் உண்மையாகவே வெற்றி, ஆனால் அதற்குப் பரிசாகக் கிடைக்கும் செஷன் குக்கீ ('இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்' என்று காட்டும் அனுமதிச் சீட்டு மாதிரி) நடுவில் நின்றவன் கைக்குப் போய்விட்டது. இனிமேல் அவனுக்கு பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். அதனால் மாற்றவேண்டியது பாஸ்வேர்டை மட்டும் இல்லை, உள்ளே உட்கார்ந்திருப்பவனை முதலில் வெளியே தள்ள வேண்டும்.

முதலில் அந்தக் கணக்கில் யாரும் நுழைய முடியாதபடி முடக்குங்கள். திறந்திருக்கும் எல்லா செஷனையும் நிர்வாகப் பக்கத்திலிருந்து ரத்து செய்யுங்கள். ஏற்கெனவே கொடுத்த டோக்கன் (அதுவும் அப்படி ஒரு அனுமதிச் சீட்டுதான்) சுமார் ஒரு மணி நேரம் வரை உயிரோடு இருக்கலாம், அதனால் ரத்து செய்த கையோடு திறந்துவிடாமல் பொறுங்கள். அதற்குப் பிறகு பாஸ்வேர்ட். அதைவிட முக்கியமாக, சரிபார்ப்புக்குப் பதிவாகியிருக்கும் போன்கள் ஒவ்வொன்றையும் அவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு 'இது உங்களுடையதா' என்று கேளுங்கள், உள்ளே வந்தவன் தன் போனையும் சேர்த்துவிடுவது வழக்கம். அப்படிச் சேர்த்திருந்தால் நீங்கள் பத்து தடவை பாஸ்வேர்ட் மாற்றினாலும் பயனில்லை. அவர் பெயரில் வேறு ஏதாவது ஆப்புக்கு மெயில் படிக்க அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், அந்த அனுமதி பாஸ்வேர்ட் மாற்றினாலும் சாகாது.

இரண்டாவது கேள்வி: இன்பாக்ஸ் ரூல், அதாவது வரும் மெயிலைத் தானாகவே வேறு இடத்துக்குத் தள்ளும் விதி. பவர்ஷெல்லில் (கட்டளை அடித்து நிர்வாகம் செய்யும் கருவி) கெட்-இன்பாக்ஸ்ரூல் கட்டளையை இன்க்ளூட்ஹிடன் சேர்த்து ஓட்டுங்கள், அவுட்லுக்கில் கண்ணுக்குத் தெரியாததும் வந்துவிடும். பார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள், என்ன பெயர் இருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது.

லேப்வாசி:

சார், கை நடுங்கிவிட்டது. ரூலின் பெயர் வெறும் ஒரு புள்ளி. பட்டியலில் பார்த்தபோது திரையில் ஏதோ தூசி என்றுதான் நினைத்தேன். யாரிடமிருந்து எது வந்தாலும் படித்ததாகக் குறித்து ஆர்எஸ்எஸ் ஃபோல்டருக்கு (இணையதளச் செய்தி ஓடைகளுக்காக அவுட்லுக்கில் இருப்பது, யாரும் திறப்பதில்லை) தள்ளச் சொல்லியிருக்கிறது. போய்த் திறந்தால் மாணவர்கள் கேட்ட கேள்விகள் வரிசையாக அங்கே கிடக்கின்றன. அதைவிடக் கொடுமை, 'சார் இது நீங்களா' என்று கேட்ட ஒரு பெண்ணுக்குப் பதிலும் போயிருக்கிறது: 'ஆம், இன்றைக்குள் சரிபார்க்கவும்'. பாஸ்வேர்ட் மாற்றியதிலிருந்து அவருக்குப் புது மெயில் எதுவும் வரவில்லையே என்று அவருக்கும் தோன்றவில்லை, 'இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது' என்றாராம்.

சரிபார்ப்பில் இரண்டு போன்கள். ஒன்று அவருடையது. இன்னொன்று ஐந்து வாரத்துக்கு முன்னால் சேர்ந்திருக்கிறது. தேதியைச் சொன்னதும் அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது, அன்றைக்குத்தான் 'உங்கள் மெயில்பெட்டி நிரம்பிவிட்டது' என்று வந்த ஒன்றை அமுக்கினாராம்.

நள்ளிரவு_பேட்ச்:

புள்ளியேதான் என் ஊகமும். சில நேரம் இரண்டு புள்ளி இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐந்து வாரம் என்பதால் இப்போதே லாகைப் பத்திரப்படுத்துங்கள். லாகின் பதிவுகள் இலவசத் திட்டத்தில் 7 நாட்கள்தான் நிற்கும், கட்டணத் திட்டத்தில் 30. ஆடிட் லாக் (கணக்கில் யார் என்ன செய்தார்கள் என்ற பதிவு) 180 நாட்கள் வரை கிடைக்கும் (அக்டோபர் 2023க்கு முன்னால் 90தான்), ரூல் போட்டது, மெயில் அனுப்பியது எல்லாம் அதில் இருக்கும். இறக்கிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். துறைத்தலைவர் கணக்கில் நுழைந்த அந்நிய ஐபி முகவரிகளை (எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தார்கள் என்று காட்டும் எண்) எடுத்து, அதே முகவரியிலிருந்து வேறு எந்தெந்தக் கணக்குகளில் நுழைந்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். முந்நூறு பேரில் யார் ஏமாந்தார்கள் என்பதை யாரையும் கேட்காமலே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

பழைய_சர்வர்:

முதல்வரின் சுற்றறிக்கை பற்றி மட்டும் சொல்கிறேன். அதை எப்படியாவது நிறுத்துங்கள். மாதாமாதம் மாற்றச் சொன்னால் என்ன நடக்கும் என்று இருபது வருடமாகப் பார்த்தவன் நான். பாஸ்வேர்டின் கடைசியில் 1 இருந்தால் அடுத்த மாதம் 2, அதற்கடுத்த மாதம் 3. பிறகு கீபோர்டைத் திருப்பினால் அடியில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும், பழைய எண்கள் வரிசையாக அடிக்கப்பட்டு கடைசி எண் மட்டும் அடிக்கப்படாமல். தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2017லேயே, காரணமில்லாமல் குறிப்பிட்ட நாளுக்கு ஒரு முறை மாற்றச் சொல்லாதீர்கள், திருட்டுப் போனதற்கு ஆதாரம் இருந்தால் கட்டாயம் மாற்ற வையுங்கள் என்று எழுதிவிட்டது. 2025 பதிப்பில் அதையே இன்னும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல்வரிடம் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுங்கள், நாம் வாயால் சொன்னால் ஏறாது, அச்சில் இருந்தால் ஏறும்.

தவிர, உங்கள் கதையில் திருட்டுப் போனது பலவீனமான பாஸ்வேர்ட் இல்லையே. முப்பது எழுத்து பாஸ்வேர்டாக இருந்தாலும் அவர் அதையும் அங்கேதான் அடித்திருப்பார். செலவு செய்ய மனசு இருந்தால் அலுவலகம், தேர்வுப் பிரிவு, துறைத்தலைவர்கள் இவர்களுக்காவது பாஸ்கீயோ (பாஸ்வேர்டுக்குப் பதில் போனிலோ கணினியிலோ இருக்கும் சாவி) யூஎஸ்பி பாதுகாப்புச் சாவியோ கொடுக்கச் சொல்லுங்கள். அது இணையதளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது, முகவரி வேறாக இருந்தால் சாவி வாயே திறக்காது. மனிதன் ஏமாந்தாலும் அது ஏமாறாது.

கேபிள்_சிக்கல்:

பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள், ஐந்து வாரம் என்றதும் எனக்கு நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம்தான் ஞாபகம் வந்தது. 2019 அக்டோபர் நடுவில் யாரோ ஒரு மெயிலைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே வந்தவர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் சத்தமில்லாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, டிசம்பர் 23 அன்று, விடுமுறை நேரம் பார்த்து, 267 சர்வர்களைப் பூட்டினார்கள். சில முக்கியமான சிஸ்டங்களின் பேக்கப்பும் அதே நெட்வொர்க்கில் இருந்ததால் அதுவும் சேர்ந்து போயிற்று. பூட்டைத் திறக்கக் கடைசியில் 30 பிட்காயின் கொடுத்தார்கள், அதைப் பல்கலைக்கழகமே வெளிப்படையாகச் சொன்னது.

உங்களுடையது அந்த அளவுக்குப் போயிருக்காது. ஆனாலும் இரண்டு விஷயம் பாருங்கள். அந்தத் துறைத்தலைவர் இதே பாஸ்வேர்டை லேப் சிஸ்டத்திலோ மதிப்பெண் மென்பொருளிலோ போட்டிருக்கிறாரா? லேபில் எல்லா மெஷினுக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டா? இரண்டாவதற்கு ஆமாம் என்றால் (எல்லா இடத்திலும் ஆமாம்தான்) ஒரு மெஷினில் நுழைந்தவன் அறுபதிலும் நுழைந்த மாதிரி. மைக்ரோசாஃப்டின் லேப்ஸ் (LAPS) என்ற வசதி மெஷினுக்கு மெஷின் வேறு பாஸ்வேர்ட் வைத்து அதுவே மாற்றிக்கொள்ளும், தனிக் கட்டணம் கிடையாது. பேக்கப்பில் ஒரு பிரதியாவது கேபிள் பிடுங்கிய டிஸ்க்கில் இருக்கட்டும்.

வகுப்பறைப்பக்கம்:

நான் கணினிக்காரன் இல்லை, வகுப்பு எடுப்பவன், ஒரு முறை இதேபோல மாட்டியவன். அமுக்கிய அடுத்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. காரணம், அதற்கு முந்தைய கூட்டத்தில் மாட்டிய ஒரு மேடத்தைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்திருந்தார்கள். உங்கள் துறைத்தலைவரை வைத்து விழிப்புணர்வு கூட்டம் நடத்தப்போவதாக இருந்தால் அவர் பெயரை விட்டுவிடுங்கள். 'அமுக்கிவிட்டேன்' என்று சொல்ல ஒரு போன் நம்பர் வையுங்கள், எடுப்பவர் முதலில் 'ஏன் அமுக்கினீர்கள்' என்று கேட்கக்கூடாது.

லேப்வாசி:

எல்லாருக்கும் நன்றி. ரூலை எடுத்தாயிற்று, அந்நியப் போனை நீக்கியாயிற்று, புதன் இரவிலிருந்து ஒரு மெயிலும் போகவில்லை. சுற்றறிக்கை நின்றது, அச்சுப் பிரதி வேலை செய்தது பழைய_சர்வர் சார். லேப் அட்மின் பாஸ்வேர்ட் பற்றிக் கேட்காதீர்கள், சனிக்கிழமை முழுக்க அந்த வேலைதான்.

ஐபியை வைத்துத் தேடியதில் பத்தொன்பது மாணவர்கள் சிக்கினார்கள். பதினாறு பேரைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிட்டோம், அதில் பதில் வாங்கி ஏமாந்த அந்தப் பெண்ணும் உண்டு. மூன்று பேர் இன்னும் போனை எடுக்கவில்லை. அவர்கள் கணக்கை முடக்கி வைத்திருக்கிறேன், லாகின் ஆகவில்லை என்று எப்படியும் அவர்களே தேடிக்கொண்டு வருவார்கள்.