மகள் சாப்பிட மறுக்கிறாள்: பெற்றோருக்கான பயிற்சிகளில் எதில் சேருவது?

கேள்வி (லண்டனில் வசிக்கும் தாய்):
வணக்கம். பதினைந்து வயதாகும் என் மகளுக்கு அனொரெக்சியா என்னும் உணவு மறுப்பு நோய் இருப்பதாகச் சென்ற மாதம் உறுதிசெய்தார்கள். இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் சிறார் பிரிவில் குடும்ப சிகிச்சையும் தொடங்கிவிட்டது. அங்கே பேசுவது வாரத்திற்கு ஒரு மணி நேரம்தான். மற்ற நாளெல்லாம் சாப்பாட்டு மேசையில் நானும் அவளும் மட்டுமே. நேற்று இரவு ஒரே இட்லியை அரிசிமணி அளவுக்குப் பிய்த்து வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தாள். துவைக்க எடுத்தபோதுதான் பாதி இட்லி ஸ்வெட்டரின் கைக்குள் இருந்தது தெரிந்தது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், எல்லாம் நான் கொடுத்த செல்லம் என்கிறார். பராமரிப்பவர்களுக்கென்று ஆதரவுக் கூட்டம், பயிற்சிப் பட்டறை, இணையவழிப் பாடம் எனப் பல இருக்கின்றனவே, எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் 1 (ஒரு தந்தை):
சகோதரிக்கு வணக்கம். மாமியார் சொன்னதை முதலில் மனத்திலிருந்து இறக்கிவையுங்கள். இந்நோய்க்கு 1870-களில் பெயரிட்ட லண்டன் மருத்துவர் வில்லியம் கல்லே, உறவினர்கள்தாம் மிக மோசமான பராமரிப்பாளர்கள் என்ற பொருளில் எழுதியவர். அந்த எண்ணம் மாற நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. உங்களுக்கு இப்போது அளிக்கப்படும் குடும்ப சிகிச்சை 1980-களில் அதே லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் வளர்ந்தது. இங்கே சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பிடமிருந்து 2017-இல் வந்த வழிகாட்டுதல் ஓராண்டில் 18 முதல் 20 அமர்வுகளைப் பரிந்துரைப்பதோடு, குடும்பத்தின்மீது பழி போடக் கூடாது என்றும், தொடக்கத்தில் உணவுப் பொறுப்பைப் பெற்றோர் தற்காலிகமாகக் கையிலெடுக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

பிறர் கதையைக் கேட்டு ஆறுதல் பெறுவது வேறு, தட்டுக்கு முன்னால் என்ன பேசுவது என்று பழகுவது வேறு. எனக்குக் கைகொடுத்தது பின்னதுதான். பேராசிரியர் ஜேனட் டிரஷரும் சக பணியாளர்களும் உருவாக்கிய புதிய மாட்ஸ்லி பயிற்சியில் பெற்றோரின் போக்குகளை விலங்குகளாகச் சித்திரிப்பார்கள். நான் காண்டாமிருகம்: கலோரிக் கணக்கைச் சொல்லி முட்டிக்கொண்டே இருப்பேன். என் மனைவி கங்காரு: பிள்ளை வாடக் கூடாதென்று பைக்குள் வைத்துக்கொள்வார். இரண்டுமே நோய்க்குத்தான் வசதி. டால்ஃபின்போலப் பக்கத்திலேயே நீந்தி, தேவைப்படும்போது மெல்ல உந்துவதைத்தான் கற்க வேண்டும். பட்டறையில் ஒருவர் மகளாக நடிக்க, "கஷ்டமாக இருப்பது தெரிகிறது, அடுத்த வாய் எடு, நான் இங்கேதான் இருக்கிறேன்" என்பதைக் குரல் உயராமல் சொல்ல எனக்கு நான்கைந்து முறை பிடித்தது.

பதில் 2 (மருத்துவமனைச் செவிலியர்):
மேலே ஐயா சொன்னதில் ஒரு திருத்தம் மட்டும். அந்தப் பயிற்சி பெரும்பாலும் இந்நோய் வந்த வயதுவந்தோரைக் கவனிக்கும் குடும்பங்களிடையே வளர்ந்தது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு என்ன, எவ்வளவு என்பதைப் பெற்றோரே முடிவுசெய்யும் கட்டத்தில், அவள் விருப்பத்துக்கு விட்டுப்பிடிப்பது குழப்பத்தில் முடியலாம். ஆகவே எதில் சேர்ந்தாலும் உங்கள் சிகிச்சைக் குழுவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உணவுக் கோளாறுகளுக்கான பீட் தொண்டு நிறுவனம் பராமரிப்பவர்களுக்குப் பயிற்சிகள் நடத்துகிறது. பெற்றோரே 2007-இல் தொடங்கிய ஃபீஸ்ட் அமைப்பில், நாளுக்கொரு மின்னஞ்சலாக வரும் முப்பது நாள் இலவசப் பாடம் உண்டு. நள்ளிரவில் தூக்கம் வராமல் அமர்ந்திருப்பவர்களுக்கு அது நல்ல தொடக்கம். மயக்கம், நெஞ்சுவலி, தண்ணீரையும் மறுத்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் எந்தக் கூட்டத்திற்காகவும் காத்திராமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மின்னஞ்சல் பாடத்தில் பதிந்துவிட்டேன். பகலில் அவளுக்குச் சோறு போடுபவர் மாமியார்தான். அவரையும் அமர்வுக்கு அழைத்துப் போகலாமா? அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

பதில் 2 (மீண்டும்):
தாராளமாக, அழைத்துப் போகத்தான் வேண்டும். முன்கூட்டியே சொன்னால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்வார்கள். அந்த வேலையை மட்டும் மகளிடம் கொடுத்துவிடாதீர்கள்.